கட்டுச்சோறு போன தூரம்

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் போக ஆறே முக்கால் மணி நேரம், திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம் என்று சோமனூரில் எங்கள் வீதி முழுக்க ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தது. நம்ப வைத்த புண்ணியவான் என் வீட்டுக்காரர். எங்களுக்குச் சொந்தமாகத் தறிக்குடோன் இருக்கிறது. காலமெல்லாம் விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே நின்றவருக்கு மெதுவாகப் பேச வராது. டீக்கடையில் அவர் ஒன்றைச் சொன்னால் கருமத்தம்பட்டி வரைக்கும் சேதி போய்விடும்.

கணக்கை அவர் சொந்தமாகப் போடவில்லை. டிக்கெட் எடுத்துத் தரும் கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: இங்கே ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினால் அங்கே இரண்டே முக்காலுக்கு இறங்கும், அங்கே சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கிளம்பினால் இங்கே ஏழு மணிக்கு இறங்கும். இவர் விரல் விட்டுக் கழித்துப் பார்த்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

அந்தக் கணக்கு அவருக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் ஆனைமலை, வேலை சிங்கப்பூரில். மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத விஷயம். அவளும் ஏழாம் மாதம் கிளம்பி வருவதாகத்தான் இருந்தாள். அதற்குள் அங்கே டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போவதெல்லாம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இவரோ நூல் விலையில் பேரம் பேசுகிறவர், அதனால் டாக்டர் சொன்னதையும் பேசிப் படிய வைக்கலாம் என்று நினைத்துவிட்டார்.

போக அவ்வளவு நேரம், வர இவ்வளவுதானா என்று நான் கேட்டதற்கு, என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

"சிங்கப்பூரு மேட்டுல இருக்குது. போறப்ப ஏத்தம், வாரப்ப எறக்கம். சைக்கிள் ஓட்டுனவனுக்கு இதெல்லாம் தெரியும்."

நான் பி.காம். படித்தவள். குடோன் வரவு செலவெல்லாம் என் கையில்தான். என்னை ஏமாற்றிவிட்டு ஒரு பீஸ் துணிகூட வெளியே போக முடியாது. ஆனாலும் அந்த நேரத்தில் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. பிடித்த கணக்கை யார் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள்? டாக்டரம்மா சொன்னது நாலு மணி நேரத்தைத்தானே, இது ஒன்றே முக்கால்தானே என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டு, மாடி அறையில் அவளுக்குக் கட்டிலைத் தட்டிப் போட்டேன்.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், போன் போட்டோம். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சிங்கப்பூர் வரைக்கும் போன் இல்லாமலே கேட்கிற மாதிரிப் பேசினார். உங்கள் டாக்டரிடம் நேரத்தைச் சரியாகச் சொல், ஆனைமலைக்குப் பஸ்ஸில் போகவே இதைவிட எச்சாக ஆகும், அதைச் சொல் என்று அடித்துப் பேசினார். மகள் முதலில் புரியாமல் கேட்டாள். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். சிங்கப்பூரில் கடிகாரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, போகும்போது அது டிக்கெட்டில் கூடித் தெரியும், வரும்போது கழிந்து தெரியும், எப்படிப் போனாலும் வந்தாலும் வானத்தில் இருப்பது நாலே கால் மணி நேரம்தான் என்று சிரிப்புக்கு நடுவில் சொல்லி முடித்தாள். இவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு நின்று போனது. 

"நெசமாலுமே ஒன்னே முக்கா மணி நேரமா இருந்திருந்தா வந்திருப்பனுங்கப்பா," என்றாள். குரல் மாறியிருந்தது. "எனக்கு அம்மா ஊட்டுக்கு வரோணுமுங்க."

கல்யாணம் முடிந்து கிளம்பியபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. விமானத்தில் ஏறுகிற உற்சாகத்தில் எங்களுக்குக் கைகாட்டவே மறந்தவள். இப்போது குழந்தை மாதிரி அழுதாள். இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடோனுக்குப் போய்விட்டார். அன்றைக்குத் தறி எதுவும் ஓடவில்லை, குடோனுக்கு விடுமுறை. வெறுமனே உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் நான் முடிவு பண்ணிவிட்டேன். பெண் வர முடியாவிட்டால் கட்டுச்சோறு போகும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் பெண் மாசமாக இருக்கும்போது பிறந்த வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாக ஆக்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவோம். பெண்ணுக்கு வளையல் போட்டு, அந்தச் சோற்றை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கையோடு பெண்ணை நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். நான் மாசமாக இருந்தபோது எனக்கு ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. வேன் என் பிறந்த ஊரான அன்னூரிலிருந்து சோமனூர் வரைக்கும்தான் வர வேண்டியிருந்தது. அந்தத் தூரத்துக்குச் சோறு சூடுகூட ஆறவில்லை.

முடிவைக் கேட்டதும் என் நங்கை, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த வீதியிலிருந்து கிளம்பி வந்தார். முறை, சீர் என்று எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அவரைக் கேட்காமல் அடுப்புப் பற்றாது. அவர் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது நாலே கால் மணி நேரத்தில் கெட்டுப்போகாது, புளிச்சோறெல்லாம் மறுநாள்தான் நன்றாக இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். அவருடைய வழக்கு வேறு.

"கட்டுச்சோறு கொண்டு போனா பொண்ணக் கூட்டிக்கிட்டு வரோணும். சோத்தக் குடுத்துப்போட்டுப் பொண்ண அங்கயே உட்டுட்டு வாரதுக்கு அது என்ன கேட்டரிங்கா அம்மணி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை நாலு தடவை சொல்லியாயிற்று, இனி நான் என்ன பண்ணட்டும், நீங்களே வந்து அங்கே எது முறையோ அதைச் செய்து காட்டுங்கள் என்று வாயை விட்டுவிட்டேன். வரமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னது. அவரோ, மகன் துபாயில் இருப்பதால் பாஸ்போர்ட் எல்லாம் சுத்தமாக வைத்திருந்தார். சரி வாரேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, ஜன்னல் சீட்டாகப் போடச் சொல்லி தம்பியிடம் கண்டிப்பும் பண்ணிவிட்டுப் போனார். ஆக வேன் நிறைய ஆள் போக வேண்டிய கட்டுச்சோற்றுக்கு நாங்கள் மூன்று பேர்.

கிளம்புகிற அன்றைக்கு மத்தியானமே அடுப்பில் ஏற்றி, ஆற வைத்து, வகைக்கு ஒரு போசியாகக் கட்டினேன். போசி என்றால் பாத்திரம். எவர்சில்வர் போசிக்கு மூடி போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி கட்டி, அதன் மேல் மஞ்சள் குங்குமம் வைத்தோம். விமான நிலையத்தில் சோதனை பண்ணுகிற பெண் வடக்கத்திப் பிள்ளை. மிஷினுக்குள் போசிகள் வரிசையாகப் போவதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திறக்கச் சொன்னாள். புளிச்சோற்றைத் திறந்ததும் அந்த இடமே மணத்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நங்கை தமிழிலேயே அவளுக்கு எல்லாம் விளக்கினார், தன் வயிற்றின் மேல் கையை வளைத்துக் காட்டி, என்னைக் காட்டி, வானத்தைக் காட்டி. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே துணியைத் தானே திரும்பக் கட்டிக் கொடுத்தாள். தயிர்ச்சோற்றை மட்டும், தயிரும் தண்ணீர் மாதிரித்தான் என்ற கணக்கில் சேர்த்து, கொண்டுபோகக் கூடாது என்று நிறுத்திவைத்தாள். அதை நாங்கள் மூவரும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். இவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம், பசியோடுதான் இருந்திருக்கிறார்.

விமானத்தில் இவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் எச்சாக இருக்கும் என்று பக்கத்து சீட்டுப் பையன் சொன்னான். நங்கை ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு, கீழே ஒன்றுமே இல்லையே அம்மணி, ஒரே இருட்டாக இருக்கிறதே என்றார். கடல் என்றேன். இத்தனை பெரிசா என்று கேட்டார். எனக்கும் அப்போதுதான் அது தெரிந்தது. இத்தனை நாள் போனில் அவள் சத்தம் பக்கத்து அறையில் பேசுவது போலவே கேட்டதால், நடுவில் இவ்வளவு கிடக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

இறங்கியபோது விமான நிலையக் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. இவர் கைக்கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாலே கால்தான் என்று முணுமுணுத்தார். அதற்காகத் தோற்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அங்கே இருந்த வாரம் முழுக்கக் கடிகாரத்தை மாற்றவே மாட்டேன் என்றுவிட்டார். சோமனூர் மணிக்குத்தான் எழுந்தார், சோமனூர் மணிக்குத்தான் சாப்பிட்டார். மத்தியானம் மூன்றரைக்கு இலை போடச் சொல்கிற மனுசனை வைத்துக்கொண்டு மகள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை காரோடு வந்திருந்தார். அவர்கள் இருப்பது பதினோராவது மாடி. நாங்கள் போனபோது விடியவில்லை. மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முகம் ஊதி, கால் வீங்கி, வயிறு முன்னால் வந்து, என் மகளா என்று இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, போசியைத்தான் பார்த்தாள். பல் துலக்கினாயா என்று நான் கேட்பதற்குள் புளிச்சோற்றில் கை வைத்துவிட்டாள். நானே உருட்டி ஊட்டினேன். மாப்பிள்ளை பக்கத்தில் தட்டோடு நின்று எலுமிச்சைச் சோற்றை ஒரு பிடி பிடித்தார். வளையல் போட்டோம். அடுக்கின வளையலை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்து கை கழுவியதும் நங்கை சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செரி, பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க," என்றார்.

எனக்கு அவரை அங்கேயே நாலு கேட்கலாம் என்று வந்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் மட்டும் மெதுவாக எழுந்து படுக்கையறைக்குள் போய், ஒரு துணிப்பையைக் கொண்டு வந்து காலடியில் வைத்தாள். ஜிப் போட்டு மூடின பை. உள்ளே இரண்டு நைட்டி, ஒரு சால்வை, தேங்காயெண்ணெய்ப் பாட்டில், குழந்தைக்குக் கிழித்து மடித்த பழைய வேட்டித் துணி.

"சும்மாதானுங்கம்மா கட்டி வெச்சேன்," என்றாள். "போவ முடியாதுன்னு தெரியுமுங்க. கட்டுச்சோறு வருதுன்னதும் கையி சும்மா இருக்கலீங்க."

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை. எழுந்து வீட்டைச் சுற்றி வந்தேன். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரும் இஸ்திரி மேசையும் அதில்தான் கிடந்தன. கதவு ஹாலைப் பார்த்திருந்தது. எதிர்ப்பக்கம் அவர்கள் படுக்கையறை. நடுவில் சோபாவும் டிவியும் இருக்கிற ஹால், அவ்வளவுதான். நான் அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு, மாப்பிள்ளை, இந்த ரூமை எனக்குக் கொடுத்துவிடுங்கள், பிரசவம் முடிகிற வரைக்கும் இது என் வீடு, இனி நீங்கள் இதற்குள் வருவதானால் மாமியார் வீட்டுக்கு வருகிற மாதிரித்தான் வர வேண்டும் என்று சொன்னேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. உடனே கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

நங்கை அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பால் காய்ச்சாத வீடு எப்படி வீடாகும் என்று கேட்டார். அது நியாயம்தான் என்று எனக்கே பட்டது. மின்சார ரைஸ் குக்கரைக் கொண்டு வந்து கம்ப்யூட்டர் மேசை மேல் வைத்துப் பாலை ஊற்றினோம். குக்கரில் பால் பொங்க எவ்வளவு நேரமாகும் என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பொங்குகிற வழியாகக் காணோம் என்று இவர் கொட்டாவி விட்ட நேரம் பார்த்துக் குபுகுபுவென்று பொங்கி, மேசையில் வழிந்து, மாப்பிள்ளையின் கீபோர்டுக்குள் இறங்கியது. நங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. கெழக்கால பொங்கியிருக்குது, நெம்ப நல்லது என்றார். மாப்பிள்ளை கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆமாங்க என்றார்.

அதோடு விட்டாரா. பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியைத் தாண்டித்தான் அம்மா வீட்டுக்கு வர வேண்டும், ஒரே கூரைக்குள் நகர்ந்தால் அது வருகையா என்றார். சரி என்று எல்லோரும் வாசலைத் தாண்டி லிஃப்டில் இறங்கினோம். மகள் பையை யாரிடமும் கொடுக்கவில்லை, தானே பிடித்துக்கொண்டாள். கீழே புல்வெளியில் சீனத் தாத்தா ஒருவர் கையைக் காலை மெதுவாக வீசி உடற்பயிற்சி பண்ணிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் நிறுத்தி, வயிற்றைக் காட்டி ஏதோ சொல்லி, இரண்டு கையையும் குவித்துத் தலையை ஆட்டினார். சகுனம் நன்றாக இருக்கிறது என்று நங்கை உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்குகிறவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, மறுபடி லிஃப்டில் ஏறினோம். நான் முன்னால் ஓடிப்போய்ச் சின்ன அறை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன்.

"வா கண்ணு," என்றேன். "நம்ம ஊட்டுக்கு வா."

உள்ளே வந்தாள். மாப்பிள்ளை போட்டு வைத்திருந்த மடக்குக் கட்டிலில், நான் ஊரிலிருந்து கொண்டுபோய் விரித்த போர்வையின் மேல் படுத்தாள். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனாள். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று மாப்பிள்ளை வாசலுக்கு வெளியிலேயே நின்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் டீக்கடைக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் இப்போ நடுவில் ஒரு சோபாதான் என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் இவரும் நங்கையும் ஊர் திரும்பினார்கள். நான் தங்கினேன். எங்கள் வீடு நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி, கையில் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு ஹாலைத் தாண்டி வந்து கதவைத் தட்டுவார். உள்ளே வரலாங்களா அத்தை என்று கேட்பார். வாங்க மாப்பிள்ளை என்று நான் எழுந்து நிற்பேன். ஒரம்பரைக்கு, அதாவது வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, கொடுக்கிற மாதிரித் தட்டத்தில் வைத்துக் காப்பி கொடுப்பேன். ஒன்பது மணி ஆனதும், நேரமாச்சு மாப்பிள்ளை, இருட்டில் போக வேண்டாம், பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பி வைப்பேன். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் போன கொஞ்ச நேரத்தில் அவள் போனில் டிங் டிங் என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஹாலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர்தான் எழுதிக்கொண்டிருப்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நஞ்சுக்கொடி மேலே ஏறவில்லை, அதனால் ஆபரேஷன்தான் ஆயிற்று. ஆனால் தாயும் பிள்ளையும் நல்லபடி. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அப்பனானவர் தினமும் கதவைத் தட்டிவிட்டு வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார். நான் பத்தியச் சோறு வடித்தேன், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், வாய் ஓயாமல் திட்டினேன். மகள் உடம்பு தேறி, முகம் பழையபடி ஆனது. பாதி ராத்திரியில் குழந்தை அழுதால் அவளை எழுப்பாமல் நானே எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். அவள் கண்ணைத் திறக்காமலே, அம்மா இருக்கீங்களா என்று கேட்பாள். இருக்கிறேன் என்றால் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எனக்குக் கொடுத்த விசா முடிகிற நாள் வந்தது. அன்றைக்குத்தான் பேத்தியையும் மகளையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டு விடுவது என்று வைத்துக்கொண்டோம். சம்பந்தியம்மா அடுத்த வாரம் ஆனைமலையிலிருந்து வருவதாக இருந்தது. குழந்தைக்கு நெற்றியில் மை வைத்து, மகளுக்குப் புதுச் சேலை கொடுத்து, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த வெள்ளிக் கொலுசைக் குழந்தை காலில் போட்டேன். மாப்பிள்ளை ஹாலின் அந்தப் பக்கம் படுக்கையறை வாசலில் அழைத்துக்கொள்ள நின்றார். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். துணிப்பையை நான் எடுத்துக்கொண்டேன். ஹாலைக் கடந்துபோய்ப் பையை அவர் கையில் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அது அவர்கள் வீடாகிவிட்டது. நான்தான் ஒரம்பரை. மகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், தட்டத்தில் வைத்து எனக்குக் காப்பி கொண்டு வந்தாள். சோபாவில் என் எதிரில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்துட்டுப் போலாமுங்களே என்றாள். ஒரம்பரை கிளம்பும்போது எங்கள் பக்கம் வாய்ப்பழக்கமாகச் சொல்வது. 

கீழே டாக்சி வந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். நான் எழுந்து பெட்டியை எடுத்தேன். பேத்தியின் கன்னத்தைத் தொட்டேன். அழக்கூடாது, நான் அழுதால் அவள் தாங்கமாட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"வாரேன் கண்ணு," என்றேன்.

கிளம்புகிற யாரும் எங்கள் பக்கம் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். வாரேன் என்றுதான் சொல்வார்கள். வாங்க என்றோ சரிங்க என்றோ பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். என் ஆயுசில் அந்த வார்த்தைக்கு வேறு பதில் நான் கேட்டதில்லை.

"எப்பங்கம்மா?" என்றாள் மகள்.

 பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.